சென்னையில் கணக்கிட்ட காணாக் கோள்

புறநானூற்றின் முப்பதாம் பாடலை வகுப்பில் நடத்தும் நாள் நமக்கு எப்போதும் உவப்பான நாள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. ஞாயிற்றின் செலவையும் காற்றின் திசையையும் வானத்தின் இயல்பையும் நேரில் போய் அளவெடுத்து வந்தவர்களைப் போலக் கணக்குச் சொல்லும் அறிஞர்கள் அதில் வருகிறார்கள். பாடலின் நோக்கம் அரசனின் அடக்கத்தைப் புகழ்வது. ஆனால் மாணவர்களின் கவனம் அரசனிடம் நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஐயா, போகாமலே அளக்க முடியுமா? முடியும் என்றால், அளந்தது சரிதான் என்று யார் சொல்வது?"

முதல் கேள்விக்கு ஏதோ விடை சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. சில வாரங்கள் கழித்து அதே மாணவர் கைப்பேசியில் சுற்றிவந்த ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினார். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் உள்ள கோளை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது நம் சென்னைதான், அதுவும் 1855-லேயே, என்று அச்செய்தி முழங்கியது. "இது உண்மையா ஐயா?" என்றார்.

சுவடிப் பதிப்பைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூலத்தைப் பார்க்காமல் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்தது, ஆம் இல்லை என்ற இரண்டில் எதிலும் அடங்காத ஒரு கதை. அதைத்தான் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில், பதினைந்து அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் தூணும் அன்று, வெற்றித் தூணும் அன்று. தொலைநோக்கி அசையாதிருக்க நட்ட தூண்.

1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தம் சொந்தப் பொறுப்பில் சென்னையில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். பின்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கம்பெனிக்கு விண்மீன்களின்மேல் காதல் ஒன்றும் இல்லை. கப்பல் கரைசேரவும் நிலத்தை அளந்து வரைபடம் போடவும் துல்லியமான நேரமும் தீர்க்கரேகையும் தேவைப்பட்டன. அவற்றை வானத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. வரி வாங்குவதற்காக நிலத்தை அளந்தவர்கள், நிலத்தை அளப்பதற்காக வானத்தை அளந்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆனால் ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டால், கொடுத்தவரின் நோக்கத்தோடு மனித மனம் நின்றுவிடுவதில்லை. 1830 முதல் 1848 வரை பொறுப்பில் இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர்தான் நம் கதையின் நாயகர், கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப்.

ஜேக்கப் 1813-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பம்பாய்ப் படையின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து இந்தியா வந்து, நில அளவைப் பணியில் சில ஆண்டுகள் உழைத்தார். புனேயில் தமக்கென்று ஒரு சிறு வானாய்வகம் அமைத்து இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டார். உடல் நலம் அவருக்கு என்றும் துணைநின்றதில்லை. 1848-ன் இறுதியில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. சில ஆண்டுகளில் ஆறங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடைய பிரெஞ்சுத் தொலைநோக்கி ஒன்றும் அங்கே வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு சனியின் மங்கலான உள்வளையம் ஒளியை ஊடுருவ விடுவது என்பதை 1852-ல் கண்டு சொன்னவர்களுள் ஜேக்கப்பும் ஒருவர்.

எழுபதாம் விண்மீன்

ஆடி மாதத்து இரவில் பத்து மணி வாக்கில், மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று மேகத்தைக் கலைத்துவிட்டிருந்தால், புளியங்குடியில் மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். தெற்கே விருச்சிகத்தின் சிவந்த கேட்டை, கிழக்கே திருவோணம். இரண்டுக்கும் இடையே, வடக்கே சற்றுத் தள்ளி, ஏறத்தாழத் தலைக்கு மேலே, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு மங்கலான புள்ளி இருக்கிறது. பாம்பைக் கையில் ஏந்தியவன் என்று கிரேக்கர்கள் பெயரிட்ட ஒஃபியூக்கஸ் மண்டலத்தின் எழுபதாம் எண் விண்மீன் அது. 70 ஒஃபியூக்கி என்பார்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு. 1779-ல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டார். இரண்டுமே நம் சூரியனைவிடச் சிறியவை, மங்கலானவை. நம்மிடமிருந்து சுமார் 17 ஒளியாண்டுத் தொலைவில், 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரியக் குடும்பத்துக்கு அப்பாலும் செல்லுமா என்ற கேள்விக்கு இத்தகைய இரட்டைகளே உரைகல்லாயின. ஆகவே ஐரோப்பாவில் தொலைநோக்கி வைத்திருந்தவர்களில் பலரும் இந்த இரட்டையைத் தொடர்ந்து அளந்துவந்தார்கள்.

அளப்பது என்றால் என்ன? தொலைநோக்கியின் கண்ணருகே சிலந்தி நூல்போன்ற மெல்லிய இழைகள் பொருத்திய ஒரு கருவி இருக்கும். ஒரு விண்மீனிலிருந்து மற்றது எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அந்த இழைகளைத் திருப்பியும் நகர்த்தியும் குறிக்க வேண்டும். இந்த இரட்டைக்கு நடுவே உள்ள இடைவெளி சில வில்நொடிகள்தாம். ஒரு வில்நொடி எவ்வளவு சிறியது? இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தை நாலரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தோன்றுமோ, அவ்வளவு. ஜேக்கப் தேடிய பிசகு அதனினும் சிறியது.

அளவுகளைத் தொகுத்து ஒரு நீள்வட்டப் பாதை வரைந்தார்கள். வரைந்த பாதையில் விண்மீன் நிற்கவில்லை. கணக்கு ஓரிடம் சொன்னது. கண் வேறிடம் காட்டியது. வேறுபாடு மிகச் சிறியது, ஆனால் ஒருபுறம் விலகி, திரும்பி, மறுபுறம் விலகுவதுபோல் தோன்றியது.

இந்த இடத்தில் அந்தக் காலத்தின் மனநிலையை நினைவில் கொள்ள வேண்டும். 1844-ல் ஜெர்மானிய அறிஞர் பெசல், சிரியஸ் விண்மீன் நேர்கோட்டில் நகராமல் தள்ளாடுவதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1846-ல் யுரேனஸின் பாதைப் பிசகிலிருந்து கணக்கிட்டே நெப்டியூனைப் பிடித்தார்கள். கணக்குக்கும் கண்ணுக்கும் வேறுபாடு இருந்தால், இடையில் காணாத பொருள் ஒன்று இருக்கிறது என்று பொருள். அதுவே அன்றைய வானியலின் வெற்றி வாய்பாடு. நெப்டியூன் பிடிபட்ட ஒன்பதாம் ஆண்டில், சென்னையில், அதே வாய்பாட்டை ஜேக்கப் கையிலெடுத்தார்.

இலண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் 1855-ல் அவர் கட்டுரை வெளியானது. 70 ஒஃபியூக்கி இரட்டையின் பிசகுகளுக்கு, அவற்றோடு இணைந்து சுற்றும் கோள் போன்ற ஒரு பொருள் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். வேறொரு சூரியனுக்கு ஒரு கோள் இருப்பதாக, வெறும் ஊகமாக அன்றி, அளவுகளைக் காட்டி எழுந்த முதல் உரிமைக்கோரல் இது என்று வானியல் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் மாணவரின் கைப்பேசிச் செய்தியில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

கோள் கரைந்த கதை

மிச்சம் உண்மை இல்லை. ஏனெனில் அப்படி ஒரு கோள் அங்கே இல்லை.

ஜேக்கப் கண்டதாகச் சொன்ன பிசகை 1896-ல் அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் சீ என்பவர் மீண்டும் எழுப்பினார். 36 ஆண்டுகளில் சுற்றும் இருண்ட துணை ஒன்று அங்கே உண்டு என்று அடித்துச் சொன்னார். 1899-ல் ஃபாரஸ்ட் ரே மௌல்டன் என்ற இளைஞர், சீ சொன்ன பாதையில் ஒரு பொருள் இருந்தால் அந்த அமைப்பே நிலைத்து நிற்காது, சிதறிப்போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். சீ அதற்கு எழுதிய மறுமொழியின் கடுமை கண்டு, இனி அவர் கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அந்த இதழே முடிவெடுத்தது. அறிஞர் சண்டை என்பது நம் புலவர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

1988-ல் வுல்ஃப்டீட்டர் ஹெயின்ட்ஸ் பழைய அளவுகளையெல்லாம் திரட்டி மீண்டும் ஆராய்ந்தார். பிசகு வானத்தில் இல்லை, அளவுகளில்தான் இருந்தது என்பதே அவர் முடிவு. பின்னர் வந்த நுண்ணிய அளவீடுகளும் அத்தகைய பெருங்கோளுக்கு அங்கே இடமில்லை என்றே காட்டின.

பிழை எங்கே நுழைந்தது? நெருங்கிய இரட்டை விண்மீனை அளக்கும்போது ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. தலையை வைக்கும் கோணம், கருவியின் குணம், இருவிண்மீன்களின் ஒளி வேறுபாடு எல்லாம் அளவைச் சிறிது இழுத்துவிடும். ஒருவரே அளந்தால் அந்தச் சாய்வு ஒரே பக்கமாக இருக்கும். பலர் அளந்ததைக் கோத்தால், ஆள் மாறும் இடத்திலெல்லாம் விண்மீன் அசைந்ததுபோல் தோன்றும். மேலும், ஹெர்ஷலின் முதல் அளவுக்கும் ஜேக்கப்பின் கட்டுரைக்கும் இடையே 76 ஆண்டுகள்தாம் ஓடியிருந்தன. 88 ஆண்டுச் சுற்று ஒருமுறைகூட முடியவில்லை. முழுப் பாதையே கைக்கு வராதபோது, பாதையிலிருந்து விலகல் இவ்வளவு என்று சொல்வது எப்படி உறுதியாகும்?

இது நமக்குப் பழகிய சிக்கல்தான். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சுவடிகளைக் குவித்துவைத்துக்கொண்டு எதிர்கொண்டதும் இதையே. ஒரு சுவடியில் மட்டும் வேறுபட்டு நிற்கும் சொல் உண்மையான பாடபேதமா, ஏடெழுதியவர் கைப்பிழையா? பத்துச் சுவடிகள் ஒத்துச் சொன்னாலும், பத்தும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுத்தவை என்றால், சாட்சி பத்தன்று, ஒன்றுதான். ஜேக்கப் ஏடெழுதியவர்களின் கைச்சாய்வைக் கவியின் சொல்லாக வாசித்துவிட்டார்.

ஆனாலும் அவரைப் பொய்யர் என்றோ, வீண் ஆரவாரக்காரர் என்றோ சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வாய்ப்பு என்றுதான் சொன்னார். முடிந்த முடிபு என்று சொல்லவில்லை. தம் அளவுகளை மறைக்காமல் அச்சேற்றினார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தவறென்று காட்ட முடிந்ததே அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்ததால்தான்.

1859-ல் அவர் சென்னைப் பொறுப்பைவிட்டு விலகினார். சமவெளியின் கலங்கிய காற்றில் அளப்பதைவிட மலைமேலிருந்து அளக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்கு அரசின் நிதியுதவியும் பெற்று, பெரிய தொலைநோக்கி ஒன்றோடு 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்து இறங்கினார். புனே அருகே ஒரு மலையில் ஆய்வகம் அமைப்பது திட்டம். இறங்கிய சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 16 அன்று, புனேயில் இறந்துபோனார். அதே ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்காவில் ஆல்வன் கிராம் கிளார்க், பெசல் கணக்கிட்ட சிரியஸின் துணையைக் கண்ணால் கண்டிருந்தார். ஒரே வாய்பாடு, ஒருவருக்குப் பலித்தது, மற்றவருக்குப் பலிக்கவில்லை.

ஜேக்கப் காலத்திலேயே சென்னை வானாய்வகத்தில் பணியில் இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவரே பின்னாளில் 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். 1874-ன் வெள்ளி இடைமறிப்பைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளிவரச் செய்தவரும் அவர்தான். பெருமை பேச வேண்டுமென்றால், இல்லாத கோளைவிட இருந்த இந்த மனிதரைப் பற்றிப் பேசலாம்.

எலுமிச்சையும் இளங்கோளும்

வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள் இன்று ஆயிரக்கணக்கில் தெரிந்துவிட்டன. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றுக்குக் கோள் உண்டு என்பதை 1995-ல் மேயரும் குவெலோவும் நிறுவினர். அதற்காக 2019-ல் நோபல் பரிசும் பெற்றனர். ஆகவே ஜேக்கப்பின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அது மிகுதியும் குடிகொண்டிருக்கும் இடம் இளங்கோள்கள்.

எங்கள் ஊர் எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. கமிஷன் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பழத்தின் பருமன் வேறு, எடை வேறு. தோல் தடித்த பெரிய பழம் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். சாறு நிறைந்த சிறுபழம் கனக்கும். பருமனும் எடையும் இரண்டும் தெரிந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும். கோளுக்கும் இதுவே விதி. பாறையா, நீரா, வெறும் வாயுப் போர்வையா என்று அறிய இரண்டு அளவும் வேண்டும்.

பருமனை அளக்கும் வழி, கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. எடையை அளக்கும் வழி, கோள் இழுப்பதால் விண்மீன் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. ஜேக்கப் வானத்தளத்தில் இடப்பெயர்ச்சியைத் தேடினார். இன்று நிறமாலையில் விண்மீன் நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். இராஜஸ்தானில் அபு மலையில் உள்ள பராஸ் கருவி கொண்டு நம் நாட்டு அறிஞர்களே 2018-ல் சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு கோளை இவ்வாறு எடைபோட்டார்கள். அது பூமியைப்போல் சுமார் 27 மடங்கு எடையுள்ளது.

முதிர்ந்த, அமைதியான விண்மீன் என்றால் இது நடக்கும். இளம் விண்மீன் அடங்காத பிள்ளை. வேகமாகச் சுழலும், உடலெல்லாம் கரும்புள்ளி, அடிக்கடி தீச்சீற்றம். புள்ளிகள் சுழன்று வரும்போது விண்மீன் தானே மங்கும், தானே ஆடுவதுபோலவும் தோன்றும். தெற்கு வானில் 32 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏயூ மைக்ரோஸ்கோபி என்ற செங்குறு விண்மீனை எடுத்துக்கொள்வோம். சூரியனில் பாதி எடை. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். நம் சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள் என்பதோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. அதன் முகத்தை எட்டரை நாளுக்கு ஒருமுறை கடக்கும் கோளை 2020-ல் அறிவித்தார்கள். பருமன் பூமியைப்போல் சுமார் நான்கு மடங்கு. சரி, எடை? கோள் விண்மீனை இழுப்பது நொடிக்குப் பத்து மீட்டரோ அதற்கும் குறைவோ. கரும்புள்ளிகள் உண்டாக்கும் போலி ஆட்டமோ நூறு மீட்டரையும் தாண்டுகிறது. விளைவு, பூமியைப்போல் பத்து மடங்கு என்று ஒரு குழு சொல்ல, இருபது மடங்கு என்றது மற்றொரு குழு. சந்தை இரைச்சலில் காதோடு காதாகப் பேசுவதைக் கேட்டெழுதச் சொன்னால் இருவர் இருவிதமாகத்தானே எழுதுவார்கள்?

ரிஷப மண்டலத்தில் வி1298 டௌ என்ற இளம் விண்மீனின் கதை இன்னும் தெளிவானது. அதற்கு நான்கு கோள்கள் உண்டு என்று 2019-ல் தெரிந்தது. விண்மீனின் ஆட்டத்தைக் கொண்டு எடைபோட்டவர்கள், வெளிக்கோள்கள் இரண்டும் வியாழனோடு ஒப்பிடத்தக்க எடையுள்ளவை என்றார்கள். அது சரியென்றால், கோள்கள் உருவாகும் விதம் பற்றிய கருத்துகளையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். வேறு சிலர் வேறு வழியில் போனார்கள். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ஒவ்வொன்றும் விண்மீனைக் கடக்கும் நேரம் சிறிது முந்தும், சிறிது பிந்தும். அந்த முந்தலையும் பிந்தலையும் பல ஆண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்தார்கள். 2026 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த முடிவின்படி, நான்குமே பூமியைப்போல் ஏறத்தாழ 5 முதல் 15 மடங்கு எடைதான். பார்வைக்குப் பெரியவை, கையிலெடுத்தால் தோல் தடித்த பழம்! காலப்போக்கில் வாயுப் போர்வையை இழந்து, வானெங்கும் மிகுதியாகக் காணப்படும் நடுத்தரக் கோள்களாக அவை சுருங்கும் என்று கருதுகிறார்கள்.

முதலில் எடைபோட்டவர்கள் செய்தது ஜேக்கப் செய்த அதே பிழையின் புது வடிவம். ஜேக்கப் அளப்பவரின் சாய்வைக் கோளின் இழுப்பு என்றார். இவர்கள் விண்மீனின் புள்ளியைக் கோளின் இழுப்பு என்றார்கள். நூற்றறுபது ஆண்டுகளில் கருவி வளர்ந்தது, கேள்வி வளரவில்லை. நாம் காண்பது அங்கே இருப்பதா, நம் கருவியும் நம் எதிர்பார்ப்பும் சேர்ந்து காட்டுவதா?

மாணவருக்கு

1899-ல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. ஜேக்கப் ஆசைப்பட்ட மலை ஆய்வகம், அவர் இறந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, வேறொரு மலையில் அமைந்தது. அதன் வழிவந்த கவலூர் ஆய்வகத்தில் 1977 மார்ச் 10 இரவில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விண்மீனின் ஒளி எதிர்பாராத நொடியில் மங்கியது பதிவானது. புதிய துணைக்கோளோ என்று முதலில் எண்ணினார்கள். அது யுரேனஸின் வளையம் என்று மற்ற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது தெளிவானது. பதிவு சரி, வாசிப்பு மாறியது. பதிவு இருந்ததால்தான் வாசிப்பு மாற முடிந்தது.

மாணவரிடம் நாம் சொன்னது இதுதான். "தம்பி, அந்தச் செய்தியில் ஒரு சொல்லை மாற்றிவிடு. கண்டுபிடித்தது என்பதை எடுத்துவிட்டு, தேடியது என்று போடு. அப்போது அது முழு உண்மையாகிவிடும்." அவருக்கு முகம் சற்று வாடியது. கண்டுபிடிப்பு என்பதில் உள்ள மிடுக்கு தேடல் என்பதில் இல்லைதான். சற்றுப் பொறுத்துக் கேட்டார்: "அப்படியானால் அளந்தது சரிதான் என்று யார் சொல்வது ஐயா?"

இம்முறை விடை கைவசம் இருந்தது. பின்னால் வருபவர் சொல்வார். அவர் சொல்வதற்கு ஏதுவாக, முன்னால் அளந்தவர் தம் அளவை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். சாத்தனார் பாடிய அறிஞர்களின் கணக்குகள் நமக்குக் கிடைக்கவில்லை; அவர்கள் அளந்தது சரியா தவறா என்று இனி யாரும் சொல்ல இயலாது. ஜேக்கப்பின் கணக்கு கிடைத்தது. அது தவறு என்று நம்மால் சொல்ல முடிகிறது. இழப்பு எது, பேறு எது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.